ரூம் வாடகைக்கு கிடைக்காத லாட்ஜ்! தண்டவாளத்து ஓரத்து குட்டி வீட்டின் கதை

திண்டுக்கல் பஸ் நிலையத்தை சுற்றி லாட்ஜுகள் உண்டு. கட்டில், மெத்தை, பேன் எல்லாம் இருக்கும். பணம் கட்டினால் சாவி கிடைக்கும்.

இந்த ஊரை சுற்றி வேறு ஒரு வகை லாட்ஜும் உண்டு. அங்கே மெத்தை கிடையாது. கண் அசந்தால் வேலை போய் விடும்! கோடி ரூபாய் கொடுத்தாலும் அங்கே ரூம் கிடைக்காது.

ஒரே ஒரு அறை. ஒரு கதவு. இரண்டு மூன்று ஜன்னல். வாசலில் ஒரு தண்ணீர் பானை. பக்கத்தில் ஒரு வேப்ப மரம். சுவரில் பெயிண்டில் எழுதிய ஒரு நம்பர்.

அதுதான் "கேட் லாட்ஜ்".

ரெயில்வே கேட் பக்கத்தில் கேட் கீப்பர் உட்கார்ந்திருக்கும் சின்ன வீட்டுக்கு ரெயில்வே இலாகா வைத்திருக்கும் பெயர் இது. ஜனங்கள் "கேட் ரூம்" என்பார்கள். "கேட்காரர் வீடு" என்பார்கள். தினமும் அதை தாண்டி போகிறவர்களில் பலருக்கு அதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாது.

கேட் போட்டிருக்கும்போது எல்லாருடைய கண்ணும் தண்டவாளத்து மேல்தான் இருக்கும். கேட் திறந்தால் கண் ரோட்டு மேல் போய் விடும். நடுவே இருக்கும் குட்டி வீட்டை யார் பார்க்கிறார்கள்?

பார்க்க வேண்டிய வீடுதான் அது. ஏனென்றால் ஒன்றன்பின் ஒன்றாக அது காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நாலு திசையிலும் ரெயில்

திண்டுக்கல் பூட்டுக்கு பேர் போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இந்த ஊரில் "பூட்டிட்டாங்களா?" என்று யாராவது பதறி கேட்டால், கடையை பற்றி கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம். ரெயில்வே கேட்டை பற்றி கேட்கிறார்!

காரணம் இருக்கிறது. திண்டுக்கல் ஜங்ஷனில் இருந்து நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது.

முதலில் வந்தது திருச்சி-மதுரை பாதை. 1875-ல் வந்தது. தென்னிந்திய ரெயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. 2 தண்டவாளத்துக்கும் இடையே சரியாக 1 மீட்டர் அகலம். மறு ஆண்டே, 1876-ல், மதுரையில் இருந்து தூத்துக்குடி வரை ரெயில் ஓடியது.

அரை நூற்றாண்டு கழித்து, 1928-ல், பொள்ளாச்சியில் இருந்து பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக திண்டுக்கல்லுக்கு பாதை வந்தது. நாலாவது, கரூர் பாதை. எரியோடு வழியாக வரும் இந்த அகல பாதை 1988-ல் திறக்கப்பட்டது.

இத்தனை பாதையும் காட்டுக்குள் போகவில்லை. தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர், அம்பாத்துரை, அக்கரைப்பட்டி என்று ஊர்களின் நடுவே, தோட்டங்களின் நடுவே போகிறது. வண்டிப்பாதை இருந்த இடத்தில் எல்லாம் தண்டவாளம் குறுக்கே விழுந்தது. அங்கே ஒரு கேட் வைக்க வேண்டி வந்தது. கேட் வைத்தால் அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் இருந்தால் அவர் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும்.

அப்படி பிறந்ததுதான் கேட் லாட்ஜ்.

மாளிகை வாசலில் இருந்து வந்த பெயர்

"லாட்ஜ்" என்ற பெயர் இங்கிலாந்தில் இருந்து வந்தது.

அங்கே பெரிய பிரபுக்களின் மாளிகையை சுற்றி ஏக்கர் கணக்கில் தோட்டம் இருக்கும். தோட்டத்து வாசலில் பெரிய இரும்பு கேட். அதை திறந்து மூடும் காவல்காரர் குடும்பத்தோடு தங்க, கேட்டை ஒட்டி ஒரு குட்டி வீடு கட்டி கொடுப்பார்கள். அதுதான் கேட் லாட்ஜ்.

வீடு சின்னதுதான். ஆனால் பல இடங்களில் மாளிகையின் சாயலிலேயே கட்டுவார்கள். உள்ளே இருக்கும் மாளிகை எப்படி என்று வாசலிலேயே தெரிய வேண்டும் என்ற ஆசை! வருகிறவர் யார், போகிறவர் யார் என்று பார்ப்பது காவல்காரரின் வேலை.

ரெயில் வந்ததும் அந்த ஏற்பாடு தண்டவாளத்துக்கும் வந்தது. 1845-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிறைவேற்றிய ரெயில்வே சட்டம், ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடத்தில் கேட் வைக்க வேண்டும், அதை திறந்து மூட தகுந்த ஆள் போட வேண்டும் என்று சொன்னது. இந்தியாவில் 1890-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்திலும் இதே விஷயம் வந்தது. கேட் வை, ஆள் போடு என்று ரெயில்வே கம்பெனிகளுக்கு உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் கிடைத்தது.

மாளிகை வரவில்லை. பிரபுவும் வரவில்லை. குட்டி வீடும் காவல்காரரும் மட்டும் கப்பல் ஏறி திண்டுக்கல் வெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்!

இப்படி ஏன் கட்டினார்கள்?

பழைய கேட் லாட்ஜை பார்த்தால் பொம்மை வீடு மாதிரி இருக்கும். கனமான செங்கல் சுவர் அல்லது கருங்கல் சுவர். சுண்ணாம்பு காரை. ஓடு போட்ட கூரையும் உண்டு. மர கட்டையும் செங்கல்லும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமும் உண்டு. சுவர் கனம் என்பதால் சித்திரை வெயிலிலும் உள்ளே கொஞ்சம் குளுமை இருக்கும்.

அழகுக்காக மட்டும் இப்படி கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

ஜன்னல்கள் தண்டவாளத்தின் இரண்டு திசையையும் பார்த்து இருக்கும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே இரண்டு பக்கமும் ரெயில் வருகிறதா என்று தெரிய வேண்டும்.

கட்டிடம் தண்டவாளத்துக்கு ரொம்ப பக்கத்திலும் இருக்க கூடாது. ரொம்ப தூரத்திலும் இருக்க கூடாது. நடு தண்டவாளத்தில் இருந்து குறைந்தது 6 மீட்டர், ரோட்டு ஓரத்தில் இருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது ரெயில்வே விதி. ரோட்டில் வருகிறவருக்கு ரெயிலை மறைக்க கூடாது. ரெயில் டிரைவருக்கு ரோட்டை மறைக்க கூடாது.

பழைய கேட்டுகளும் தனி அழகு. வீட்டு வாசல் கதவு மாதிரி இரண்டு பெரிய கதவுகள். நடுவே சிவப்பு வட்ட தகடு. ராத்திரியில் அதில் ஒரு விளக்கு. கேட் கீப்பர் நடந்து போய் ஒவ்வொரு கதவாக தள்ளி சாத்தி பூட்டுவார். கையால் சுற்றினால் ஏறி இறங்கும் நீள கம்பங்கள் பிறகு வந்தவை.

மரம் நடுவது, நாலு பூச்செடி வைப்பது எல்லாம் கேட் கீப்பரின் கை வேலை. பக்கத்து வயலில் வேலை செய்கிறவர்கள் மத்தியானத்தில் அந்த மர நிழலில்தான் தூக்கு சட்டியை திறப்பார்கள். தைப்பூசத்துக்கு பழனிக்கு பாதயாத்திரை போகிறவர்களுக்கு தண்ணீர் பானை தெரிந்தால் போதும். கால் தானாக நின்று விடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

கேட் லாட்ஜுக்குள் எட்டி பார்த்தால் சாமான் அதிகம் இருக்காது. இருப்பதெல்லாம் உயிர் காக்கும் சாமான்கள்.

சிவப்பு கொடி. பச்சை கொடி. ராத்திரிக்கு கலர் மாற்றி காட்டும் கை விளக்கு. சுவர் கடிகாரம். டெலிபோன். எந்த ரெயில் எத்தனை மணிக்கு போனது என்று எழுதும் நோட்டு. கேட் உடைந்தால் குறுக்கே கட்ட ஒரு இரும்பு சங்கிலி. ஒரு கடப்பாரை.

கடப்பாரை எதற்கு? ரோடு கடக்கும் இடத்தில் தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு ரெயிலை பதித்திருப்பார்கள். நடுவே ஒரு சிறு பள்ளம் ஓடும். ரெயில் சக்கரத்தின் விளிம்பு அந்த பள்ளத்தில்தான் உருண்டு போக வேண்டும். லாரி டயரில் இருந்து விழுந்த கல்லோ, மாட்டு வண்டி கொட்டிய மண்ணோ அதில் இறுகி கிடந்தால் ஆபத்து. அதை கிளறி சுத்தம் செய்வது கேட் கீப்பரின் அன்றாட வேலை.

இன்னொரு வேலையும் உண்டு. ரெயில் போகும்போது அவர் உள்ளே உட்கார்ந்திருக்க கூடாது. கையில் கொடியோடு வெளியே வந்து ரெயிலை பார்த்து நிற்க வேண்டும். ஜன்னலில் உட்கார்ந்த குழந்தைகள் கை காட்டும். அவர் பார்வை கீழே சக்கரத்து மேல் இருக்கும். எங்காவது புகை வருகிறதா? எதுவும் தொங்குகிறதா? சக்கரம் சூடேறி சிவந்திருக்கிறதா? சந்தேகம் வந்தால் உடனே சிவப்பை காட்ட வேண்டும்.

ஓடுகிற ரெயிலின் அடிப்பகுதியை வெளியே நின்று பார்க்கிற கண்களில் அவர் கண்ணும் ஒன்று.

தண்டவாளத்தில் பட்டாசு!

அந்த அறையில் ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே வட்டமான தகர வில்லைகள். பார்த்தால் பீப்பி மாத்திரை டப்பா மாதிரி சாதுவாக இருக்கும். அதுதான் ரெயில்வே பட்டாசு!

தண்டவாளத்து மேல் வைத்து கட்டி விட்டால், ரெயில் சக்கரம் ஏறியதும் "டமார்" என்று வெடிக்கும். ரெயிலுக்கு சேதம் இல்லை. டிரைவருக்கு அது அபாய அறிவிப்பு. சத்தம் கேட்டால் முன்னால் ஆபத்து என்று அர்த்தம்.

நடு தண்டவாளத்தில் ஒரு கரும்பு லாரி அச்சு முறிந்து நின்று விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெயில் வர இன்னும் சில நிமிஷம்தான். ஜனங்கள் கூடி நின்று கத்துவார்கள். கேட் கீப்பர் கத்தி பிரயோஜனம் இல்லை. ஓட வேண்டும்!

முதலில் சிக்னல் சிவப்பில் இருப்பதை பார்க்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு போன் அடிக்க வேண்டும். பிறகு சிவப்பு கொடியை ஆட்டிக்கொண்டு ரெயில் வரும் திசையில் தண்டவாளத்து ஓரமாக ஓட வேண்டும். அகல பாதையில் 600 மீட்டர் தூரத்தில் ஒரு பட்டாசு. 1,200 மீட்டர் தூரத்தில், 10 மீட்டர் இடைவெளி விட்டு, 3 பட்டாசு. இதுதான் விதி.

ஜல்லி கல்லில் 1,200 மீட்டர் ஓடி பார்த்தவருக்கு தெரியும் அந்த கஷ்டம். வயது 50-ஐ தாண்டியவரும் ஓடத்தான் வேண்டும். மழையிலும் ஓட வேண்டும். அமாவாசை இருட்டிலும் ஓட வேண்டும்.

ஏன் இவ்வளவு தூரம்? 110 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ரெயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பிரேக் போட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் ஓடித்தான் நிற்கும். டிரைவர் கண்ணால் பார்த்து பிரேக் போடும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

ரகசிய நம்பர்

கேட்டில் 2 ரகம் உண்டு. சிக்னலோடு பிணைத்த கேட் ஒன்று. பிணைக்காத கேட் மற்றொன்று.

பிணைத்த கேட்டை "இன்டர்லாக்" கேட் என்பார்கள். கேட்டை சாத்தி பூட்டினால்தான் ரெயிலுக்கு பச்சை விழும். பச்சை விழுந்த பிறகு, நினைத்தவுடன் கேட்டை திறக்கவும் முடியாது. பூட்டும் சிக்னலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டு செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

பிணைக்காத கேட்டில் அந்த பூட்டு கிடையாது. அங்கே வாக்குதான் பூட்டு. ரெயில் புறப்படும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் லாட்ஜுக்கு போன் செய்வார். கேட் கீப்பர் கேட்டை மூடி விட்டு வந்து, தன்னிடம் உள்ள புத்தகத்தில் இருந்து ஒரு நம்பரை சொல்வார். அதை "பிரைவேட் நம்பர்" என்பார்கள். "கேட் மூடியாச்சு, நான் பொறுப்பு" என்பதற்கு அந்த நம்பர்தான் சாட்சி. இரண்டு பக்கமும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகே ரெயிலுக்கு வழி.

நூற்றுக்கணக்கான உயிர் ஒரு நம்பரில் இருக்கிறது. கேட்டை மூடாமல் நம்பரை மட்டும் சொன்னால்?

அந்த கேள்விதான் 2025-ல் தமிழ்நாட்டையே உலுக்கியது.

செம்மங்குப்பம் சோகம்

2025 ஜூலை 8-ந்தேதி காலை. கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ஒரு ரெயில்வே கேட். பள்ளிக்கூட வேன் ஒன்று தண்டவாளத்தை கடந்தபோது பாசஞ்சர் ரெயில் மோதியது. 3 மாணவ, மாணவிகள் பலியானார்கள்.

அது சிக்னலோடு பிணைக்காத கேட். ரெயில் வந்தபோது கேட் திறந்திருந்தது. கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார்.

நாடு முழுவதும் விவாதம் கிளம்பியது. கேட்டுகளில் கேமரா வைக்கவும், மேலும் பல கேட்டுகளை சிக்னலோடு பிணைக்கவும் ரெயில்வே உத்தரவிட்டது. கேட் கீப்பர்களின் 12 மணி நேர டியூட்டி பற்றியும் பேச்சு எழுந்தது.

அதற்கு முன்பு ஆளே இல்லாத கேட்டுகள்தான் பெரிய எமனாக இருந்தன. அங்கே கேட்டும் கிடையாது, லாட்ஜும் கிடையாது. ஒரு எச்சரிக்கை பலகை மட்டும் இருக்கும். வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ இறங்கி தண்டவாளம் வரை நடந்து போய் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று மோட்டார் வாகன சட்டம் 131-வது பிரிவு சொல்கிறது. எத்தனை பேர் இறங்கினார்கள்?

2018 ஏப்ரலில் உத்தரபிரதேசம் குஷிநகரில் அப்படி ஒரு கிராசிங்கில் பள்ளி வேன் மீது ரெயில் மோதி 13 குழந்தைகள் செத்தார்கள். அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. 2019 ஜனவரி கடைசிக்குள் அகல பாதையில் இருந்த ஆளில்லாத கிராசிங்குகள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. சில இடத்தில் சுரங்கப்பாதை வந்தது. சில மூடப்பட்டன. சில இடத்தில் ஆள் போட்டார்கள். ஆள் போட்ட இடத்தில் புதிதாக ஒரு கேட் லாட்ஜும் முளைத்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம்!"

கேட் போட்டதும் ரோட்டில் ஒரு சந்தை கூடி விடும். நிலக்கோட்டை பூ மூட்டை ஏற்றிய வேன் நிற்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு போகும் தக்காளி லாரி நிற்கும். சிறுமலை வாழைப்பழம் வரும். ஆபீசுக்கு நேரமாகி விட்ட கிளார்க் வாட்சை பார்ப்பார். வெள்ளரி பிஞ்சு விற்கிறவருக்கு மட்டும் சந்தோஷம்!

2 நிமிஷம் பொறுப்பார்கள். 3-வது நிமிஷம் ஹாரன் அடிக்க ஆரம்பித்து விடுவார்கள்.

"அண்ணே, ரெயிலதான் காணோமே, ஒரு நிமிஷம் தூக்கி விடுங்கண்ணே!"

"என்னய்யா, தூங்கிட்டியா?"

இந்த இரண்டையும் ஒரே டியூட்டியில் பல தடவை கேட்கிறவர்தான் கேட் கீப்பர். மோட்டார் சைக்கிளை சாய்த்து கம்பத்துக்கு அடியில் நுழைகிறவரை அவர் தடுக்க வேண்டும். தடுத்தால் திட்டு. தடுக்காமல் விட்டு ஏதாவது ஆனால் பழி!

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? மூடிய கேட்டை அனுமதி இல்லாமல் திறந்தால் 3 ஆண்டு வரை ஜெயில். கேட்டை உடைத்தால் 5 ஆண்டு வரை ஜெயில். 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 160-வது பிரிவு இது. அவசரத்தில் கேட் கம்பத்தில் மோதி விட்டு ஓடுகிற டிரைவர்கள் இதை கொஞ்சம் நினைத்து பார்க்க வேண்டும்.

மோதி விட்டு போனவர் போய் விடுவார். அதன் பிறகு அந்த கேட் மூடாது. கேட் கீப்பர் சங்கிலியை குறுக்கே கட்டி, ஸ்டேஷனுக்கு போன் அடிப்பார். பிணைத்த கேட்டில் சிக்னல் சிவப்பாகவே நிற்கும். "ஜி" என்ற எழுத்து போட்ட கேட் சிக்னல் என்றால், ரெயில் டிரைவர் விசில் அடித்து பகலில் 1 நிமிஷம், ராத்திரியில் 2 நிமிஷம் காத்திருந்து, பிறகு மெல்ல ஊர்ந்து வருவார். ஒருவர் மிச்சம் பிடிக்க நினைத்த 2 நிமிஷத்துக்காக அத்தனை ரெயிலும் நின்று நின்று போகும்.

ராத்திரி டியூட்டி

பகலில் கேட் லாட்ஜ் அழகான வீடு. ராத்திரியில் அது வேறு.

ஊருக்கு வெளியே, தோட்டத்து நடுவே, ஒரே ஒரு விளக்கு. நாய் குரைக்கும். பாம்பு வரும். மணி 2-க்கு போன் அடிக்கும். எடுக்க வேண்டும். கேட்டை மூட வேண்டும். நம்பர் சொல்ல வேண்டும். எக்ஸ்பிரஸ் போகும் வரை கொடியும் விளக்குமாக நிற்க வேண்டும். திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தால், அடுத்த போன்.

இந்த வேலைக்கு பெண்களும் வருகிறார்கள். அவர்களும் ராத்திரி டியூட்டி பார்க்கிறார்கள். 2023 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில், டியூட்டியில் இருந்த பெண் கேட் கீப்பர் கேட் ரூமுக்குள்ளேயே தாக்கப்பட்டார். தாக்கியவன் கைது செய்யப்பட்டான். தனியாக நிற்கும் இந்த குட்டி வீட்டில் நல்ல கதவு, நல்ல வெளிச்சம், கழிப்பறை வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதை விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஓடி போய் விடவும் முடியாது. திருடன் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், மாற்று ஆள் வராமல் கேட்டை விட்டு நகர கூடாது.

கேட்டுக்கும் ஜாதகம் உண்டு

எந்த கேட்டுக்கு பாலம் வரும், எந்த கேட் அப்படியே இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு நாளில் போகும் ரெயில்களின் எண்ணிக்கையை, ரோட்டில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பஸ், லாரி, கார், மாட்டு வண்டி என்றால் ஒவ்வொன்றும் 1. ஆட்டோ என்றால் அரை.

உதாரணமாக, ஒரு கேட்டில் தினமும் 40 ரெயில் போகிறது. ரோட்டில் 500 லாரி, கார்களும் 1,000 ஆட்டோவும் போகின்றன. ஆட்டோ அரை கணக்கு என்பதால் மொத்தம் 1,000. அதை 40-ஆல் பெருக்கினால் 40 ஆயிரம். அது "ஏ" வகுப்பு கேட். 50 ஆயிரத்தை தாண்டினால் "ஸ்பெஷல்" வகுப்பு. ஒரு லட்சத்தை தொட்டால் மேம்பாலம் கேட்க தகுதி வந்து விடும்.

கடைசி வகுப்பு "டி". ஆடு, மாடு மட்டும் கடக்கிற இடம்!

ஆகவே கேட்டில் நிற்கிற ஒவ்வொருவரும், தெரியாமலேயே, அந்த குட்டி வீட்டின் ஆயுளை குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் கூடினால் பாலம் வரும். பாலம் வந்தால் கேட் போகும். கேட் போனால் லாட்ஜ் போகும்.

பாலம் வந்தது, வீடு போனது

அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் ரெயில்வே அமைத்த பாதுகாப்பு குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. 5 ஆண்டில் எல்லா லெவல் கிராசிங்குகளையும் எடுத்து விட வேண்டும் என்றது. ஏறக்குறைய 50 ஆயிரம் கோடி ரூபாய் செலவாகும் என்று கணக்கும் சொன்னது. 5 ஆண்டில் முடியவில்லை. ஆனால் திசை அதுதான்.

மீட்டர் கேஜ் பாதைகள் அகல பாதைகளாக மாறியபோதே பல பழைய கேட் லாட்ஜுகளுக்கு கெடு வந்து விட்டது. பழனி பாதையில் அகல ரெயில் 2012-ல் வந்தது. 2015-ல் அது பொள்ளாச்சி வரை நீண்டது. பாதை மாறும்போது கிராசிங்குகளும் மாறும். சில இடத்தில் சுரங்கப்பாதை வரும். சில இடத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்து விட்டு கான்கிரீட் அறை கட்டுவார்கள்.

உயிர் பெரிதா, பழைய வீடு பெரிதா என்று கேட்டால், உயிர்தான் பெரிது. இதில் இரண்டு பேச்சு கிடையாது. பாலம் வரட்டும்.

ஆனால் கேட்டை எடுத்தால் ஆபத்தும் கூடவே போய் விடும் என்று நினைக்க கூடாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரெயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழை தண்ணீரில் கார் சிக்கியது. உள்ளே இருந்த பெண் டாக்டர் ஒருவர் இறந்து போனார். ராத்திரியில் சுரங்கப்பாதை வாசலில் விளக்கோடு நின்று "போகாதீங்க, தண்ணி நிக்குது" என்று சொல்ல ஆள் இல்லை.

கேட் லாட்ஜ் இருந்த இடத்தில் எப்போதும் ஒரு ஆள் இருந்தார். ரோட்டில் விழுந்தவரை தூக்கியவர் அவர். வழி தெரியாமல் வந்தவருக்கு வழி சொன்னவர் அவர். "பாசஞ்சர் போயிருச்சா?" என்று கேட்டால் கடிகாரம் மாதிரி பதில் சொன்னவர் அவர். சுரங்கப்பாதைக்கு மழை காலத்தில் காவல் போட வேண்டும் என்று கேட்கிற கிராமத்து ஜனங்கள், உண்மையில் அந்த ஆளைத்தான் திரும்ப கேட்கிறார்கள்.

ஒன்றையாவது வைத்திருக்கலாம்

பழைய நீராவி என்ஜினுக்கு மியூசியம் இருக்கிறது. சென்னை பெரம்பூர் பக்கம் இருக்கிறது. திருச்சியிலும் இருக்கிறது. குழந்தைகள் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். என்ஜின் பெரியது, கருப்பாக பளபளக்கும், சக்கரம் ஆள் உயரம் இருக்கும். அதற்கு மரியாதை கிடைக்கிறது.

அந்த என்ஜினை பத்திரமாக ரோட்டை தாண்டி அனுப்பிய குட்டி வீட்டுக்கும் கொஞ்சம் மரியாதை செய்யலாம்.

பெரிய செலவு இல்லை. பாலமோ சுரங்கப்பாதையோ வந்து, கேட் மூடப்படும் இடங்களில், நல்ல நிலைமையில் இருக்கும் பழைய கேட் லாட்ஜ் ஒன்றையாவது இடிக்காமல் விடலாம். அந்த இரட்டை கதவு, சிவப்பு வட்டம், கை விளக்கு, கொடி, நோட்டு, பட்டாசு டப்பா எல்லாவற்றையும் அங்கேயே வைக்கலாம். பட்டாசு மருந்தை மட்டும் எடுத்து விட வேண்டும்! பள்ளிக்கூட பிள்ளைகளை கூட்டி வந்து காட்டினால், தண்டவாளத்தை எப்படி கடக்க வேண்டும் என்ற பாடமும் அதிலேயே அடங்கி விடும்.

அது வரை, இன்னும் வேலை செய்கிற கேட் லாட்ஜுகள் உண்டு. இன்றைக்கு சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் கேட் போட்டிருந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். என்ஜினை அணைத்து விட்டு பக்கத்து சுவரை பாருங்கள். ஒரு நம்பர் எழுதியிருக்கும்.

அந்த நம்பருக்கு பின்னால், காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் இன்னொரு நம்பரை சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் பத்திரமாக இந்த பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.